இலையில் தெளிக்கும் உரம் சோயாவின் விளைச்சலைக் கூட்டுமா?

மலேசியாவில் பகாவைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும், தோட்டத்து லயங்களை விட்டு வந்தவர்கள் குடியேறியிருக்கும் தாமான்களிலும், வீட்டுக்குப் பின்னால் நாலு பாத்தி காய்கறி போடும் பழக்கம் இன்னும் விட்டுப்போகவில்லை. மிளகாய், வெண்டை, பயத்தங்காய் ஆகியவற்றோடு சிலர் இப்போது சோயாவையும் விதைத்துப் பார்க்கிறார்கள். செடி சற்று வெளிறினாலும், குட்டையாக நின்றாலும், பூ உதிர்ந்தாலும் அவர்களுக்குக் கிடைக்கும் யோசனை ஒன்றுதான்: இலைக்கு உரம் அடியுங்கள். உரக்கடையில் அதற்கென்றே வண்ணப் புட்டிகள் வரிசையாக இருக்கின்றன. வேருக்குப் போடும் உரத்தைவிட இலைக்கு அடிக்கும் உரம் பல மடங்கு பலன் தரும், அடித்த மறுவாரமே செடி தழைக்கும், காய் இரட்டிப்பாகும் என்றெல்லாம் பேச்சு உலவுகிறது.

இந்தப் பேச்சில் ஒரு பங்கு உண்மை இருப்பதால்தான் அது இவ்வளவு எளிதாகப் பரவுகிறது. சில குறிப்பிட்ட சத்துக் குறைகளை இலைவழி உரம் மண்ணில் இடும் உரத்தைவிட விரைவாகத் தீர்க்கும். ஆனால் குறை எதுவும் இல்லாமல் நலமாக வளரும் சோயாவில் அதை அடித்து விளைச்சலைக் கூட்டலாம் என்பது பெரும்பாலும் நடக்காத காரியம். இந்த இரண்டையும் பிரித்தறியாமல் புட்டி வாங்குகிறவர்கள் பணத்தை இழக்கிறார்கள். அதைவிட, செடியின் உண்மையான குறை என்னவென்று தேடும் நேரத்தையும் இழக்கிறார்கள். எனக்கு அதிக வருத்தம் தருவது இந்த இரண்டாவது இழப்புதான்.

மலேசியாவுக்கு வேண்டிய சோயா ஏறக்குறைய முழுவதும் இறக்குமதிதான். பசார் மாலாமில் நாம் வாங்கும் சோயா பாலும் தௌஃபூவும் தெம்பேயும் கடல் கடந்து வந்த மணிகளில் செய்யப்பட்டவை. ஆகவே சோயாவைப் பற்றிய வயல் அனுபவத்தை, அதைப் பெருமளவில் பயிரிடும் அமெரிக்கா, பிரேசில், இந்தியா போன்ற நாடுகளிலிருந்துதான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த நாடுகளின் மண்ணும் வானிலையும் வேறு என்பதையும் மறக்கக்கூடாது.

## சோறும் மாத்திரையும்

அரசாங்கக் கிளினிக்கில் கருவுற்ற பெண்களுக்கு இரும்புச்சத்து மாத்திரை தருவார்கள். இரத்தச்சோகை உள்ள ஒரு பெண்ணுக்கு அந்தச் சிறு மாத்திரை சில வாரங்களில் பெரிய மாற்றத்தைக் கொண்டுவரும். உடலுக்கு ஒரு நாளைக்கு வேண்டிய இரும்பு சில மில்லிகிராம் அளவுதான் என்பதால், அவ்வளவையும் ஒரு மாத்திரைக்குள் அடக்கிவிட முடிகிறது. ஆனால் ஒரு வேளைச் சோற்றை எந்த மாத்திரைக்குள்ளும் அடக்க முடியாது. இரத்தச்சோகை இல்லாத ஒருவர் அதே மாத்திரையை இரண்டு மடங்காக விழுங்கினால் அவருக்கு இரண்டு மடங்கு பலம் வந்துவிடுவதும் இல்லை.

செடிக்கும் இப்படி இரண்டு வகைத் தேவைகள் உண்டு. எக்டருக்குக் கிலோ கணக்கில், பத்துக் கணக்கில், நூற்றுக் கணக்கில் வேண்டிய சத்துகளைப் பேரூட்டம் என்கிறோம். நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம், கந்தகம் ஆகியவை இந்த வகை. கிராம் கணக்கில் மட்டும் வேண்டியவற்றை நுண்ணூட்டம் என்கிறோம். இரும்பு, மாங்கனீசு, துத்தநாகம், போரான், செம்பு, மாலிப்டினம் போன்றவை இதில் அடங்கும். அளவு குறைவு என்பதால் தேவையும் குறைவு என்று நினைத்துவிடக் கூடாது. சில கிராம் மாலிப்டினம் இல்லாமல் போனால், மற்றச் சத்துகள் எவ்வளவு இருந்தாலும் சோயாவின் வளர்ச்சி தடைப்பட்டுவிடும்.

இலைவழி உரம் என்பது இந்தச் சத்துகளில் ஒன்றையோ பலவற்றையோ நீரில் கரைத்து, பம்பு வைத்து இலைமேல் தெளிக்கும் முறை. அதன் பலமும் பலவீனமும் ஒரே இடத்திலிருந்து பிறக்கின்றன: இலையின் வழியாக ஒரு முறைக்கு மிகச் சிறிய அளவைத்தான் உள்ளே அனுப்ப முடியும்.

## இலைக்குள் எப்படி நுழைகிறது

இலையின் இயற்கையான வேலை ஒளியைப் பிடிப்பதும் காற்றை வாங்குவதும்தான்; உண்பது அதன் முதல் வேலை இல்லை. வெயிலில் உலர்ந்து போகாமல் இருக்க, இலையின் மேற்பரப்பு முழுவதும் மெழுகு கலந்த ஒரு மெல்லிய படலம் மூடியிருக்கிறது. இதை மெழுகுறை என்று அழைப்போம். சேப்பங்கிழங்கு இலையில் தண்ணீர் உருண்டு ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு மெழுகுறையின் ஆற்றல் தெரியும். சோயா இலையில் மெழுகுறையோடு நுண்ணிய மயிர்களும் உண்டு. தெளிக்கும் துளி அந்த மயிர்களின் நுனியிலேயே தங்கி, இலையைத் தொடாமலே உலர்ந்து போவதும் உண்டு. தெளிப்பு நீரில் ஒட்டுத் திரவம், அதாவது துளியைப் பரவச் செய்து இலையோடு படிய வைக்கும் சோப்புப் போன்ற ஒரு பொருள், சேர்க்கப்படுவது இதற்காகத்தான்.

மெழுகுறை முற்றிலும் அடைபட்ட சுவரும் இல்லை. நீரில் கரைந்த சிறு துகள்கள் நுழையக்கூடிய மிக நுண்ணிய வழிகள் அதில் இருக்கின்றன. இலை மூச்சு விடும் சிறு வாய்களான இலைத்துளைகளின் ஓரங்கள் வழியாகவும் சிறிது உள்ளே செல்கிறது. சோயாவில் இலைத்துளைகள் இலையின் இரு பக்கமும் உண்டு, அடிப்பக்கத்தில் கூடுதல். எந்த வழியில் சென்றாலும், சத்து கரைந்த நிலையில் இருக்கும் வரைதான் உள்ளே போகும். துளி உலர்ந்து உப்பாகப் படிந்துவிட்டால் நுழைவு நின்றுவிடும். இரவுப் பனியில் அந்த உப்பு மீண்டும் கரைந்தால் நுழைவு மீண்டும் தொடங்கும். ஆகவே காற்றில் ஈரப்பதம் மிகுந்த காலை, மாலை வேளைகளில் தெளிப்பதே பயன் தரும்; உச்சி வெயிலில் தெளித்தால் துளி சீக்கிரம் உலர்ந்துவிடும்.

எல்லாச் சத்துகளும் ஒரே வேகத்தில் நுழைவதில்லை. யூரியா சில மணி நேரத்தில் கணிசமாக உள்ளே போய்விடும். பாஸ்பரஸ் நாள் கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

இலை சத்தை உள்வாங்குகிறது என்பது ஊகமாகச் சொல்லப்பட்ட செய்தி இல்லை. 1950களில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கதிரியக்கம் ஊட்டப்பட்ட சத்துகளை இலையில் இட்டு, அவை செடிக்குள் எங்கெல்லாம் பயணம் செய்கின்றன என்று தடம் பிடித்துக் காட்டினார்கள். வேருக்குப் போடுவதைவிட இலைக்கு அடிப்பது பல மடங்கு சிறந்தது என்று இன்று உலவும் பேச்சுக்கு இத்தகைய கண்டுபிடிப்புகள்தாம் ஆதாரமாகக் காட்டப்படுகின்றன. ஆனால் இலைமேல் விழுந்ததில் எத்தனை பங்கு உள்ளே போனது என்பது ஒரு கேள்வி. செடியின் மொத்தத் தேவையில் எத்தனை பங்கு அதனால் நிறைவேறியது என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்விக்குக் கிடைத்த நல்ல விடையை இரண்டாவது கேள்விக்கும் விடையாக எடுத்துக்கொள்வதில்தான் குழப்பமே தொடங்குகிறது.

இதுவரை சொன்னதன் சாரம்: இலை சத்தை உள்வாங்கும், ஆனால் மெழுகுறையைத் தாண்டி, கரைந்த நிலையில், சிறிது சிறிதாகத்தான் வாங்கும்.

## ஒரு கணக்கு

இரண்டாவது கேள்விக்கு விடை காண அதிகம் படித்திருக்க வேண்டியதில்லை. பெருக்கல் தெரிந்தால் போதும்.

எக்டருக்குச் சுமார் 3.5 டன் மணி தரும் சோயாப் பயிர், விதை முதல் அறுவடை வரை ஏறத்தாழ 275 கிலோ நைட்ரஜனையும், 170 கிலோ பொட்டாசியத்தையும், 20 கிலோ பாஸ்பரஸையும் தன் உடலில் சேர்த்துக்கொள்கிறது. சோயா மணியில் ஏறத்தாழ 40 விழுக்காடு புரதம் இருப்பதுதான் இத்தனை நைட்ரஜன் தேவைப்படுவதற்குக் காரணம்.

இப்போது 2 விழுக்காடு யூரியாக் கரைசலை எக்டருக்கு 300 லிட்டர் தெளிப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் 6 கிலோ யூரியா இருக்கும். யூரியாவில் நைட்ரஜன் 46 விழுக்காடு. ஆக, இலைமேல் விழுவது 2.76 கிலோ நைட்ரஜன். ஒரு துளிகூடச் சிந்தாமல், மழையில் கழுவப்படாமல், முழுவதும் உள்ளே போய்விட்டதாகவே எண்ணினாலும், அது பயிரின் தேவையில் நூற்றில் ஒரு பங்கு. அப்படியானால் கரைசலைப் பத்து மடங்கு கெட்டியாக்கலாமே என்றால், இலை கருகிவிடும். பத்துத் தடவை தெளிக்கலாமே என்றால், கூலியும் நேரமும் அதற்கு இடம் தராது. அப்போதும் பத்தில் ஒரு பங்கைத்தான் எட்டியிருப்போம்.

இதே கணக்கை மாங்கனீசுக்குப் போட்டுப் பார்க்கலாம். அந்த 3.5 டன் பயிர் தன் வாழ்நாள் முழுவதும் எடுத்துக்கொள்ளும் மாங்கனீசு அரைக் கிலோவுக்கும் குறைவு. 0.5 விழுக்காடு மாங்கனீசு சல்ஃபேட் கரைசலை 300 லிட்டர் தெளித்தால் அதில் 1.5 கிலோ சல்ஃபேட் இருக்கும். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, அதாவது கிட்டத்தட்ட அரைக் கிலோ, மாங்கனீசு. இதில் பாதி வீணானாலும், எஞ்சியது பயிரின் தேவையில் பெரும் பங்கை நிறைவேற்றிவிடும். ஒரே பம்பு, ஒரே அளவு தண்ணீர், ஒரே உழைப்பு. ஒரு சத்தில் நூற்றில் ஒரு பங்கும், இன்னொரு சத்தில் தேவையின் பாதியும் கிடைக்கின்றன. மாத்திரைக்குள் இரும்பை அடக்கலாம், சோற்றை அடக்க முடியாது என்று சொன்னதன் எண் வடிவம் இதுவே.

நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் மூன்றும் கலந்ததைக் குறிக்க என்.பி.கே. என்று போட்டு விற்கும் திரவப் புட்டிகளை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 20 லிட்டர் பம்புக்கு இரண்டு மூடி ஊற்றச் சொல்லும் புட்டியில் எவ்வளவு நைட்ரஜன் இருக்க முடியும் என்பதை அதன்மேல் ஒட்டியுள்ள சீட்டில் காட்டப்படும் விழுக்காட்டை வைத்து யாரும் கணக்கிடலாம்.

## சோயா தானே தேடிக்கொள்ளும் நைட்ரஜன்

சோயாவின் விஷயத்தில் நைட்ரஜன் தெளிப்பு பெரும்பாலும் தேவைப்படாமல் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சோயா பயறு வகைச் செடி. அதன் வேரில் சிறு மணிகள் போன்ற வேர்முடிச்சுகள் உண்டாகின்றன. வேர்முடிச்சு என்பது, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும் நுண்ணுயிரிகள் குடியிருக்கும் இடம். செடி அவற்றுக்குச் சர்க்கரை கொடுக்கிறது. அவை செடிக்கு நைட்ரஜன் கொடுக்கின்றன. சோயாவின் நைட்ரஜன் தேவையில் பாதியோ அதற்கும் மேலோ இந்த வழியில் வந்துவிடும்.

தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இது புதிய செய்தி இல்லை. செம்பனைக் கன்றுகளுக்கு இடையே மூடுபயிராகப் பியூராரியா கொடியையும் முக்குனா கொடியையும் படர விடுவது மண் அரிப்பைத் தடுப்பதற்கு மட்டும் இல்லை. அவையும் பயறு வகை, அவற்றின் வேரிலும் முடிச்சு உண்டு, அவை உதிர்க்கும் இலை மண்ணுக்கு நைட்ரஜன் சேர்க்கிறது. முக்குனா வேர் ஒன்றை மெல்லத் தோண்டி எடுத்து, முடிச்சை நகத்தால் கீறிப் பார்த்தால், வேலை செய்யும் முடிச்சின் உட்புறம் இளஞ்சிவப்பாக இருக்கும். வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் அது வேலை செய்யவில்லை.

சோயா வேரையும் இப்படியே சோதிக்கலாம். ஆனால் சோயாவுக்கு ஏற்ற நுண்ணுயிரி வேறு. பிராடிரைசோபியம் ஜப்பானிக்கம் என்ற இனமே அதனோடு சிறப்பாகச் சேர்ந்து வேலை செய்யும். சோயாவே விளைந்திராத மண்ணில் அந்த இனம் இல்லாமல் இருக்கலாம். அப்படிப்பட்ட இடத்தில் விதைப்பதற்கு முன் அந்த நுண்ணுயிரிக் கலவையை விதைமேல் பூசுவது, பிற்பாடு எத்தனை முறை யூரியா தெளித்தாலும் கிடைக்காத நைட்ரஜனைத் தரும். இருக்கும் முடிச்சுகளையும் நாமே கெடுத்துவிட முடியும்: மண்ணில் நைட்ரஜன் உரத்தை அளவுக்கு மேல் கொட்டினால், செடி முடிச்சு விடுவதைக் குறைத்துக்கொள்ளும்.

மாலிப்டினம் என்ற நுண்ணூட்டத்தை முன்பு குறிப்பிட்டேன். நைட்ரஜனைப் பிடிக்கும் நொதியின் உள்ளே அது ஓர் உறுப்பாக அமைந்திருக்கிறது. மண் புளிப்பாக இருந்தால் அது மண்ணோடு பிணைந்துவிடும், வேருக்குக் கிடைக்காது. நம் உட்பகுதித் தோட்டங்களின் சிவந்த மண்ணில் பி.எச். அளவு, அதாவது மண்ணின் புளிப்பைக் காட்டும் எண், 4 முதல் 5 வரை இருப்பது வழக்கம். செம்பனையும் பால்மரமும் அதைத் தாங்கிக்கொள்ளும். சோயா விரும்புவதோ 6 முதல் 7 வரை. புளிப்பு மண்ணில் அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கெடுக்கும். முடிச்சு விடுவதும் குறையும். மாலிப்டினத்தைச் சிறிதளவு விதையிலோ இலையிலோ கொடுத்தால் பலன் கிடைக்கும். பிரேசிலில் அது வழக்கமாகச் செய்யப்படும் வேலை. ஆனால் அலுமினியத்துக்கு இலையில் தெளிக்கும் மருந்து கிடையாது. அரைத்த சுண்ணாம்புக்கல்லை விதைப்பதற்குச் சில வாரங்களுக்கு முன் மண்ணில் கலந்தால் புளிப்பும் குறையும், அலுமினியமும் அடங்கும், மண்ணில் இருக்கும் மாலிப்டினமும் விடுபடும். சுண்ணாம்பு மூட்டை புட்டியைப் போல் அழகாக இருக்காது. ஆனால் நம் மண்ணில் சோயா போட நினைப்பவர் முதலில் வாங்க வேண்டியது அதையே என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

## ஐயோவாவில் நடந்தது

விளைச்சலைக் கூட்டும் நம்பிக்கைக்கு வலுவான தொடக்கம் கொடுத்தது, அமெரிக்காவின் ஐயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்சியா, ஹான்வே ஆகிய இருவரும் 1976ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு. அவர்களுடைய எண்ணம் மிகவும் நியாயமானது. சோயாவில் மணி பருக்கும் காலத்தில் வேரின் சுறுசுறுப்பு குறைகிறது. மணிக்கு வேண்டிய சத்தை இலையிலிருந்தே செடி உருவி அனுப்புகிறது. அதனால் இலை மஞ்சளாகி, ஒளியைப் பிடிக்கும் வேலை சீக்கிரம் நின்றுவிடுகிறது. அந்தக் கட்டத்தில் இலைக்கு வெளியிலிருந்து சத்து கொடுத்தால், இலை இன்னும் சில நாள் பசுமையாக இருந்து மணியை மேலும் பருக்க வைக்கும் அல்லவா? மணியில் உள்ள விகிதத்தையே பின்பற்றி, நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம், கந்தகம் ஆகிய நான்கையும் 10:1:3:0.5 என்ற அளவில் கலந்து பலமுறை தெளித்தார்கள். விளைச்சல் எக்டருக்குச் சில நூறு கிலோ கூடியது.

செய்தி பரவியதும் பல மாநிலங்களில் அதே முறையைச் சோதித்தார்கள். பெரும்பாலான இடங்களில் அந்தக் கூடுதல் கிடைக்கவில்லை. சில வயல்களில் கரைசலின் உப்பு இலையைக் கருக்கி, விளைச்சல் குறையவும் செய்தது. 1990களில் அதே பல்கலைக்கழகத்தின் வேறு ஆய்வாளர்கள், மணி பருக்கும் காலத்தை விட்டு, செடி ஐந்தாறு இலை விட்ட இளம் பருவத்தில் குறைந்த அளவில் தெளித்துப் பார்த்தார்கள். இலை கருகவில்லை, சில வயல்களில் சிறிது பலனும் கிடைத்தது. ஆனால் எல்லா வயல்களையும் சேர்த்துச் சராசரி பார்த்தபோது ஏக்கருக்கு ஒரு புஷல், அதாவது 27 கிலோ, கூடத் தேறவில்லை. 2019, 2020 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்காவின் பல மாநிலங்களில் ஒரே திட்டப்படி நடந்த விரிவான சோதனையில், கடைகளில் விற்கும் இலைவழி உரங்கள் பலவற்றைக் குறை எதுவும் தெரியாத சோயா வயல்களில் தெளித்தார்கள். விளைச்சல் கூடியதாகக் காட்ட முடியவில்லை. உரத்தின் விலையைக் கழித்தபோது விவசாயிக்கு நட்டமே மிஞ்சியது.

இந்த வரலாற்றிலிருந்து 1976ஆம் ஆண்டு ஆய்வு பொய் என்ற முடிவுக்கு வரக்கூடாது. ஒரு வயலில், ஓர் ஆண்டில் கிடைத்த பலன் வேறு வயல்களில், வேறு ஆண்டுகளில் திரும்பக் கிடைத்தால்தான் அதைப் பரிந்துரையாக மாற்றலாம் என்பதே இதில் தெரிவது. பக்கத்து வீட்டுக்காரர் அடித்தார், நன்றாகக் காய்த்தது என்ற சொல்லுக்கும் இது பொருந்தும்.

## தெளிப்பு உண்மையாகவே பலிக்கும் இடங்கள்

இப்போது மறுபக்கத்தைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் இலைவழி உரமே வீண் என்ற தவறான முடிவுக்கு வாசகர் வந்துவிடலாம்.

அமெரிக்காவின் பேரேரிகளைச் சுற்றியுள்ள மிச்சிகன், ஒஹாயோ, இந்தியானா போன்ற மாநிலங்களில், பி.எச். அளவு மிகுந்த மண்ணிலும் மட்கு நிறைந்த கறுப்பு மண்ணிலும் சோயாவுக்கு மாங்கனீசுக் குறை வருவது வழக்கம். மண்ணில் மாங்கனீசு இருக்கும். ஆனால் வேரால் எடுக்க முடியாத வடிவத்தில் இருக்கும். மண்ணில் மேலும் கொட்டினால் அதுவும் அதே வடிவத்துக்கு மாறிவிடும். அந்த இடத்தில் மாங்கனீசு சல்ஃபேட்டை இலையில் தெளித்தால், மண் என்ற தடையைச் சுற்றிக்கொண்டு சத்து நேராக இலைக்குள் போகிறது. சில நாளில் இலை பச்சை பிடிக்கிறது, விளைச்சலும் காப்பாற்றப்படுகிறது. இலைவழி உரத்தின் மிகச் சிறந்த பயன் இதுதான்.

குறையை இலையில் எப்படி அறிவது? இதற்கு ஒரு சிறு பாகுபாடு உதவும். செடி பழைய இலையிலிருந்து உருவிப் புதிய இலைக்கு அனுப்பக்கூடிய சத்து நகரும் சத்து: நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம், மக்னீசியம். இவை குறைந்தால் அடி இலைகள் முதலில் வெளிறும். அப்படி அனுப்ப முடியாதவை நகராச் சத்து: இரும்பு, மாங்கனீசு, கால்சியம் போன்றவை. இவை குறைந்தால் நுனி இலைகள் முதலில் வெளிறும். இரும்பிலும் மாங்கனீசிலும் நரம்பு பச்சையாக நிற்க, இடைப்பகுதி மட்டும் மஞ்சளாகும். நகராச் சத்தைத் தெளித்தால் அன்று இருக்கும் இலைக்குத்தான் பயன். அடுத்த வாரம் விடும் இலைக்கு அது போய்ச் சேராது. ஆகவே குறை நீடித்தால் மீண்டும் தெளிக்க வேண்டியிருக்கும். வட அமெரிக்காவின் சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் வரும் இரும்புக் குறைக்குத் தெளிப்பு அவ்வளவாக உதவாமல் போவதற்கும் இது ஒரு காரணம். அங்கே விவசாயிகள் அந்தக் குறையைத் தாங்கும் விதை இரகத்தையே தேடிப் போடுகிறார்கள்.

இந்தியாவின் மானாவாரிப் பயிர்கள் இன்னொரு வகை. தமிழ்நாட்டில் உளுந்து போன்ற பயறுகளுக்குப் பூக்கும் பருவத்தில் ஒருமுறையும், 15 நாள் கழித்து இன்னொரு முறையும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் அடங்கிய டி.ஏ.பி. உரத்தின் 2 விழுக்காடு கரைசலைத் தெளிக்குமாறு வேளாண் பல்கலைக்கழகம் நெடுங்காலமாகப் பரிந்துரைத்து வருகிறது. மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம் ஆகிய மாநிலங்களின் கரிசல் மண்ணில் மழையை மட்டும் நம்பி விளையும் சோயாவிலும் இத்தகைய தெளிப்புகள் பழக்கத்தில் உள்ளன. மழை நின்று மேல்மண் காய்ந்துவிட்டால், அங்கே கிடக்கும் உரத்தை வேர் எடுக்க முடியாது. அந்த இக்கட்டில் இலைமேல் விழும் சிறிதளவு சத்துக்கும் மதிப்பு உண்டு. ஈரம் குறையாத மண்ணில் அதே பலனை எதிர்பார்ப்பது சரியாகாது.

சுருக்கமாக: சத்து மண்ணில் பூட்டப்பட்டிருக்கும்போதும், வேர் எடுக்க இயலாமல் இருக்கும்போதும், தேவை சிறிதாக இருக்கும்போதும் தெளிப்பு பலிக்கும்.

## நம் பாத்தியில் சோயா குட்டையாக நிற்பது ஏன்

மளிகைக் கடையில் தௌஃபூ செய்வதற்காக விற்கும் சோயா மணியை வாங்கி விதைத்தவர்கள், செடி முழங்கால் உயரம்கூட வராமல் பூத்துவிட்டது என்று குறைப்பட்டுக்கொள்வதைக் கேட்கலாம். உடனே சத்துக் குறை என்று முடிவு செய்து புட்டியைத் தேடுவார்கள். பெரும்பாலும் அங்கே சத்துக் குறை காரணமாக இருப்பதில்லை. அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளின் சோயா இரகங்கள் கோடையின் நீண்ட பகலில் வளரப் பழகியவை. பகல் குறுகியதும் பூக்கத் தொடங்கும் குணம் உடையவை. நம் நாட்டில் ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம்தான். அந்த இரகம் இங்கே முளைத்ததுமே பூக்கும் காலம் வந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு, உடம்பு வளரும் முன்னே பூத்துவிடுகிறது. பிரேசிலின் வெப்பப் பகுதிகளிலும் முதலில் இதே சிக்கல் இருந்தது. குறுகிய பகலிலும் காத்திருந்து வளரும் இரகங்களை அங்குள்ள ஆய்வாளர்கள் உருவாக்கிய பிறகுதான் சோயா அந்நாட்டின் உட்பகுதிகளுக்குப் பரவியது. வெப்பநாட்டு இரகத்தின் விதை கிடைத்தால் இந்தக் குட்டைத்தனம் தானே நீங்கும். எந்தத் தெளிப்பாலும் நீங்காது.

செம்பனைத் தோட்டங்கள் இதில் நல்ல வழி காட்டுகின்றன. அங்கே ஆண்டுதோறும் மரத்தின் 17ஆம் மட்டையிலிருந்து இலை எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, எந்தச் சத்து குறைகிறது என்று பார்த்த பிறகே உரத்தின் அளவை முடிவு செய்கிறார்கள். மரத்தின் நிலையை இலை சொல்கிறது. உரமோ பெரும்பாலும் மண்ணுக்குப் போகிறது. வீட்டுப் பாத்திக்கு ஆய்வுக்கூடம் தேவைப்படாமல் இருக்கலாம். ஆனால் முதலில் குறையைக் கண்டறிந்து, அதற்குப் பின்பே உரத்தைத் தேர்ந்தெடுக்கும் அந்த ஒழுங்கு நாலு பாத்திக்கும் பொருந்தும்.

## பச்சை கூடுவதும் மணி கூடுவதும்

யூரியாவோ மக்னீசியமோ தெளித்த சில நாளில் இலை கருகருவென்று பச்சையாவதைக் கண்ணால் பார்க்க முடிகிறது. இந்தக் காட்சிதான் பலரையும் நம்ப வைக்கிறது. ஆனால் சோயாவின் விளைச்சல் என்பது செடிகளின் எண்ணிக்கை, செடிக்குக் காய், காய்க்கு மணி, மணியின் எடை ஆகிய நான்கின் பெருக்கல். ஒன்று கூடும்போது இன்னொன்று குறைவது இந்தச் செடியின் இயல்பு. காய் மிகுந்தால் மணி சிறுக்கும். பூ உதிர்வதும் இயல்புதான். நலமான சோயாச் செடிகூடத் தான் விடும் பூக்களில் பாதிக்கு மேல் உதிர்த்துவிடும். தன்னால் ஊட்ட முடிந்த அளவுக்கே காயை வைத்துக்கொள்ளும். உதிர்ந்த பூவைப் பார்த்துப் பதறித் தெளிப்பவர், செடி தன் கணக்குப்படி செய்யும் வேலையை நோயாக எடுத்துக்கொள்கிறார்.

## தெளிப்பதானால்

நுண்ணூட்டக் குறை உறுதியாகத் தெரிந்து தெளிப்பதாக இருந்தால், சில எச்சரிக்கைகள் போதும். கரைசலின் கெட்டியைப் புட்டியில் சொன்ன அளவுக்கு மேல் கூட்டக்கூடாது. இலை ஓரம் கருகுவது உப்பு மிகுந்ததன் அடையாளம். யூரியா பயன்படுத்தினால் பையூரெட் குறைந்த வகையைக் கேட்டு வாங்க வேண்டும். பையூரெட் என்பது யூரியா தயாரிப்பில் உண்டாகும், இலைக்கு நஞ்சாகும் ஒரு துணைப்பொருள். நம் பக்கத்தில் மாலை மழை வழக்கம் என்பதால் காலையில் பனி உலரத் தொடங்கும் நேரமே பொருத்தமானது. இலையின் அடிப்பக்கமும் நனையும்படி நுண்துளியாகத் தெளிக்க வேண்டும்.

பம்பைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தோட்டத்தில் களைக்கொல்லி அடித்த பம்பை வீட்டுக்குக் கொண்டுவந்து, கழுவிவிட்டோம் என்ற நம்பிக்கையில் உரம் தெளிக்கும் வழக்கம் ஆபத்தானது. செம்பனைத் தோட்டங்களில் அகன்ற இலைக் களைகளுக்கு அடிக்கும் மெட்சல்பியூரான் போன்ற மருந்துகள், பம்பின் குழாயில் ஒட்டியிருக்கும் மிகச் சிறிய அளவிலேயே சோயாவை முடக்கிவிடும். உரத்துக்கென்று தனிப் பம்பு இருக்கட்டும்.

தெளிக்கும் நாளன்று, பாத்தியில் ஒரு வரிசைக்கு உரம் அடியுங்கள். அடுத்த வரிசைக்கு வெறும் தண்ணீர் அடியுங்கள். இப்படி மாற்றி மாற்றி ஆறு வரிசையாவது இருக்கட்டும். ஓர வரிசைகளில் வெயிலும் காற்றும் கூடுதலாகக் கிடைக்கும் என்பதால் அவற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள். எந்த வரிசைக்கு எது என்று குச்சி நட்டுக் குறித்துவையுங்கள். காய் முற்றிப் பழுப்பாகிக் காய்ந்த பிறகு, இரு வகை வரிசைகளின் மணியையும் தனித்தனியாக உதிர்த்து, ஒரே வெயிலில் நன்றாகக் காயவைத்து, நிறுத்துப் பாருங்கள். ஈரமான மணியை நிறுத்தால் எடை ஏமாற்றும். உரம் அடித்த வரிசைகள் எல்லாமே தண்ணீர் அடித்த வரிசைகளைவிடக் கூடுதலாக நின்று, அடுத்த போகத்திலும் அப்படியே நின்றால், உங்கள் மண்ணில் அந்தச் சத்துக்கு உண்மையாகவே குறை இருந்திருக்கிறது. ஒரு வரிசை கூடி, இன்னொரு வரிசை குறைந்திருந்தால், புட்டிக்குச் செலவிடும் ரிங்கிட்டை அடுத்த முறை சுண்ணாம்புக்கும் நல்ல விதைக்கும் ஒதுக்கலாம்.